டேலியை வீட்டிலிருந்து இயக்க: தரவு ஆபீஸிலேயே இருக்கட்டும், திரை மட்டும் வெளியே போகட்டும்

கேள்வி சுருக்கமாக: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனம். டேலி பிரைம் கணக்கு மென்பொருளின் கோல்ட் (பலர் சேர்ந்து பயன்படுத்தும்) லைசென்ஸ், ஆறு கணினிகள். தரவு முழுவதும் கணக்கு அறையில் இருக்கும் ஒரே கணினியில். ஊழியர்கள் மூன்று பேர் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து பில் போட வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒருவர் கணக்கைப் பார்க்க வேண்டும். முதலாளி வெளியூரில் இருக்கும்போது யாரிடம் எவ்வளவு பாக்கி என்று தெரிய வேண்டும். கணினி பார்க்க வருபவர், "ரௌட்டரில் ஒரு போர்ட் திறந்துவிட்டால் போதும், அரை மணி நேர வேலை" என்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். அவர் திறக்கப் போவது 3389 என்ற போர்ட், அதாவது இணையத்திலிருந்து கணினிக்குள் வரும் எண்ணிட்ட வாசல். ஒரு கணினியின் திரையை வேறு இடத்திலிருந்து இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் அதன் வழியாகத்தான் பேசும். இணையத்தில் அந்தப் போர்ட் திறந்திருக்கும் கணினிகளைத் தேடுவதையே இரவு பகலாகச் செய்யும் நிரல்கள் இருக்கின்றன. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர்1, டேலி, அக்கவுண்ட்ஸ் என்று வழக்கமான பெயர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளை அவை போட்டுப் பார்க்கும். ஒன்று பொருந்தினால் போதும். உள்ளே வருபவர் முதலில் பேக்கப்பைத் தேடி அழிப்பார், பிறகு டேலி ஃபோல்டரைப் பூட்டுவார், கடைசியில் பணம் கேட்டு ஒரு குறிப்பை வைத்துவிட்டுப் போவார். சிறு வியாபாரங்களில் ரான்சம்வேர் நுழையும் வழிகளில் இது மிகப் பழகிய ஒன்று.

"3389 வேண்டாம், 33890 என்று மாற்றிவிடுகிறேன்" என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். தேடும் நிரல் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. எந்தப் போர்ட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பின் பதில் வந்தாலும் அதற்கு அடையாளம் தெரியும். 2019 மே மாதம் வெளியான புளூகீப் ஓட்டை வழியாக, பாஸ்வேர்டே இல்லாமல் பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் நுழைய முடிந்தது. அப்படிப்பட்ட ஓட்டை இருக்கும்போது உங்கள் பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் பயனில்லை.

ஏற்கெனவே யாராவது திறந்து வைத்திருந்தால் இன்றே ரௌட்டரில் மூடுங்கள். மூடிய கையோடு அந்தக் கணினியில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பிரிவில் 4625 என்ற எண்ணைத் தேடுங்கள். தோற்றுப்போன ஒவ்வொரு உள்நுழைவும் அதில் பதிவாகும். நாளுக்குச் சில ஆயிரம் வரிகள் இருப்பது சாதாரணம். அடுத்து 4624 பதிவுகளில் லாகான் வகை 10 என்று உள்ளவற்றைப் பாருங்கள். அவை ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வந்தவர்களின் பதிவுகள். உங்கள் ஆட்கள் வேலை செய்யாத நேரத்தில், தெரியாத முகவரியிலிருந்து ஒன்று வந்திருந்தாலும் அந்தக் கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் சரி.

எந்த வழி எதற்கு உதவாது

போர்ட் திறப்பதை விட்டால் அடுத்ததாகத் தோன்றுவது: விபிஎன் (இணையத்தின் மேல் அமைக்கும் பூட்டிய தனிப் பாதை) போட்டு, டேலி ஃபோல்டரை வீட்டுக் கணினியில் ஒரு டிரைவ் போலத் தெரியும்படி மேப் செய்து, அங்கே நிறுவிய டேலியில் திறப்பது. பாதுகாப்பாகத்தான் தெரியும், ஆனால் வேலை நடக்காது. ஏன் என்பது புரிந்துவிட்டால் மற்ற எல்லா முடிவுகளும் தாமாக வந்துவிடும்.

டேலியின் தரவு, 10000 என்பது போல எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரில் கோப்புகளாகக் கிடக்கிறது. ஒரு லெட்ஜரைத் திறந்தால் உங்கள் கணினியில் ஓடும் டேலிதான் அந்தக் கோப்புகளைத் துண்டு துண்டாகப் படித்துக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கேட்டு, பதில் வாங்கி, அடுத்ததைக் கேட்க வேண்டும். ஒரு அறிக்கைக்கு 5,000 முறை படிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக லேனில் (அலுவலகத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்கில்) ஒரு சுற்றுக்கு அரை மில்லிசெகண்ட். மொத்தம் இரண்டரை விநாடி. வீட்டு பிராட்பேண்டிலிருந்து ஒரு சுற்றுக்கு 40 மில்லிசெகண்ட் என்றால் அதே அறிக்கைக்கு 200 விநாடி, அதாவது மூன்று நிமிடத்துக்கும் மேல். 100 எம்பி லைனை 300 ஆக்கினாலும் இது குறையாது. அடைபட்டிருப்பது குழாயின் அகலத்தில் அல்ல, போய்வரும் தூரத்தில்.

மெதுவாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வவுச்சரைச் சேமிக்கும் நடுவில் லைன் அறுந்தால் பாதி எழுதிய கோப்பு நின்றுவிடும். அடுத்த நாள் கம்பெனியைத் திறந்தால் பிழை வரும். டேட்டா மெனுவில் ரிப்பேர் ஓட்ட வேண்டியிருக்கும். அதில் சில வவுச்சர்கள் காணாமலும் போகலாம்.

டேலி ஃபோல்டரை கூகுள் டிரைவிலோ ட்ராப்பாக்ஸிலோ வைத்து இரண்டு இடங்களில் திறப்பவர்கள் நிறைய. இது இன்னும் மோசம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவு போட்டால், ஒருவருடைய கோப்பு மற்றவருடையதின் மேல் ஏறிவிடும், அல்லது மோதல் நகல் என்று தனியாக ஒதுங்கிவிடும். டேலிக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகும் ஒரு தொகுதிக் கோப்புகள் வேண்டும். டிரைவ் அவற்றைத் தனித்தனியாக, தன் வசதிக்கு ஏற்ற வரிசையில் மாற்றுகிறது. ஆடியில் போட்ட பில் ஆவணியில் காணோம் என்ற புகார்களைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இப்படி ஒரு ஃபோல்டர் கிடப்பதுண்டு.

டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவை திரையைத்தான் கடத்துகின்றன, அதனால் தரவுக்கு ஆபத்தில்லை. ஆனால் அவற்றின் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும். தினமும் எட்டு மணி நேரம் ஓடினால் வணிக உபயோகம் என்று கண்டுபிடித்து சில நிமிடங்களில் துண்டிக்கும். காசு கட்டி வாங்கினால் நல்ல கருவிகள்தான். நிரந்தர பாஸ்வேர்டு வைப்பதாக இருந்தால் இரட்டைச் சரிபார்ப்பும் வையுங்கள்.

டேலியிலேயே உள்ள ரிமோட் வசதி முதலாளிக்கு ஏற்றது. டிஎஸ்எஸ் (டேலி நிறுவனத்தின் சேவைச் சந்தா) நடப்பில் இருக்க வேண்டும். கம்பெனியை கனெக்ட் செய்து, அவருக்கு டேலி.நெட் ஐடி உருவாக்கினால், செல்பேசியின் பிரவுசரிலேயே அவுட்ஸ்டாண்டிங், ஸ்டாக், விற்பனை அறிக்கைகளைப் பார்க்கலாம். அலுவலகத்தில் டேலி திறந்து அந்தக் கம்பெனி இணைப்பில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அவருக்கு விபிஎன், ரிமோட் டெஸ்க்டாப் என்று எதையும் போட வேண்டாம். பார்க்க மட்டும் செய்பவருக்கு எழுதும் வழியைத் திறக்கத் தேவையில்லை.

உங்களுக்கு ஏற்ற அமைப்பு

டேலி எப்போதும் தரவுக்குப் பக்கத்தில், அதே லேனில் ஓட வேண்டும். வீட்டுக்குப் போவது திரையின் படமும் விசைகளும் மட்டும். அந்தத் திரைக்குப் போகும் பாதை விபிஎன் வழியாக மட்டும்.

மூன்று ஊழியர்களுக்கும் அலுவலகத்தில் ஏற்கெனவே ஆளுக்கொரு கணினி இருக்கிறதல்லவா? வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் அது சும்மாதானே இருக்கும்? அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொருவரும் விபிஎன் வழியாகத் தன் மேசைக் கணினிக்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து, அதில் வழக்கம்போல டேலி திறக்கட்டும். கோல்ட் லைசென்ஸ் அதே லேனில்தான் ஓடுகிறது, லைசென்ஸில் ஒரு மாற்றமும் இல்லை. சர்வர் வாங்க வேண்டாம். ஆடிட்டர் தரப்பு ஆளுக்கு மட்டும் ஒரு பழைய ஐ3 கணினியில் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போட்டு மூலையில் வைத்தால் முடிந்தது.

மின்செலவைப் பற்றி யோசிப்பவர்களுக்கு: சும்மா ஓடும் மேசைக் கணினி சுமார் 50 வாட் இழுக்கும் என்று வைத்தால், கூடுதலாக 14 மணி நேரம், 30 நாளைக்கு 21 யூனிட். மானிட்டரை அணைத்துவிடுங்கள்.

ஒரே கணினிக்குள் எல்லோரும் ஒன்றாக நுழைவது வேறு கதை. விண்டோஸ் 10, 11 புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். இரண்டாமவர் வந்தால் முதலாமவர் வெளியேற்றப்படுவார். ஹோம் பதிப்பில் உள்ளே நுழையவே முடியாது. ஒரு சிறு நிரலைப் போட்டு புரோவையே பலர் நுழையும்படி மாற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அது மைக்ரோசாஃப்ட் உரிம விதியை மீறுவது. தவிர, விண்டோஸ் அப்டேட் வந்து அந்த நிரல் உடையும் நாளில் காலை பத்து மணிக்கு ஒருவராலும் நுழைய முடியாது.

வெளியிலிருந்து வருபவர்கள் ஆறு, ஏழு பேருக்கு மேல் போகும்போது விண்டோஸ் சர்வர் வாங்குவது நியாயம். அப்போது மூன்று செலவுகளைச் சேர்த்துக் கேளுங்கள்: சர்வர் லைசென்ஸ், ஆளுக்கொரு சாதாரண கேல் (சர்வரைப் பயன்படுத்தும் உரிமம்), ஆளுக்கொரு ஆர்டிஎஸ் கேல் (அதில் ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை செய்யும் உரிமம்). மூன்றாவதைச் சொல்லாமல் விற்பவர்கள் உண்டு. அந்தக் கேல் இல்லாமலே ஆர்டிஎஸ் 120 நாள் சலுகையில் ஓடும். 121ஆம் நாள் யாராலும் இணைய முடியாது. சர்வரில் இயல்பாகக் கிடைக்கும் இரண்டு இணைப்புகள் நிர்வாக வேலைக்கானவை, பில் போட அல்ல. இன்னொன்று: டொமைன் (எல்லா யூசர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) அமைக்காமல் ஒர்க்குரூப்பாகவே வைத்து, ஆள் கணக்கிலான கேல் போட்டால், சர்வர் 2019 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பை வெட்டும். டொமைன் இல்லையென்றால் கருவிக் கணக்கிலான கேல் வாங்குங்கள். ரேம் கணக்கு: சர்வருக்கு 4 ஜிபி, ஆளுக்கு ஒன்றரை ஜிபி, எட்டு பேருக்கு 16 ஜிபி போதும். எக்செல், பிரவுசர் எல்லாம் உள்ளேயே திறப்பார்கள் என்றால் 32.

மாத வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் டேலி, அலுவலகத்தில் லைன் மோசமாக இருப்பவர்களுக்கும் பல ஊர்க் கிளைகள் உள்ளவர்களுக்கும் பொருந்தும். வாங்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்: சர்வர் எந்த ஊரில் இருக்கிறது, அதே சர்வரில் வேறு நிறுவனங்களும் உட்கார்ந்திருக்கின்றனவா, பேக்கப்பை நாங்களே இறக்கிக்கொள்ள முடியுமா, 3389 இணையத்தை நோக்கித் திறந்திருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

விபிஎன் அமைக்கும் வேலை

முதலில் உங்கள் இணைப்புக்கு உண்மையான பொது ஐபி (வெளியிலிருந்து நேரடியாக அடையக்கூடிய இணைய முகவரி) இருக்கிறதா என்று பாருங்கள். ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் ஐபி என்று இருப்பதையும், "என் ஐபி என்ன" என்று தேடினால் காட்டும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து உங்கள் கதவைத் தட்டவே முடியாது. அப்போது இரண்டு வழி. கூடுதல் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வாங்கலாம். அல்லது டெயில்ஸ்கேல் போன்ற, இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்திக்கும் சேவையைப் பயன்படுத்தலாம். அதில் இணைப்பு டைரக்ட் என்று காட்டுகிறதா, ரிலே என்று காட்டுகிறதா என்று பாருங்கள். ரிலே என்றால் எல்லாப் போக்குவரத்தும் இன்னொரு சர்வரைச் சுற்றி வருகிறது. தட்டிய எழுத்து தாமதமாக விழும்.

ஸ்டாட்டிக் ஐபி இருந்தால் வயர்கார்டு என்ற விபிஎன்னைப் போடுங்கள். மைக்ரோடிக் ரௌட்டர்களில் ரௌட்டர் ஓஎஸ் 7 முதல் அது உள்ளேயே இருக்கிறது. சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது; தேடும் நிரலுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. 3389ஐத் திறப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சாவி போடுவதற்கு முன் அலுவலக லேனின் எண்ணை மாற்றுங்கள். இதை மறந்துதான் பலர் இரண்டு நாளை வீணடிக்கிறார்கள். வீட்டு ரௌட்டர்களில் பெரும்பாலானவை 192.168.1 அல்லது 192.168.0 என்ற வரிசையில் வரும். அலுவலகமும் 192.168.1 ஆக இருந்தால், ஊழியரின் லேப்டாப் 192.168.1.20 என்ற அலுவலகக் கணினியைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். விபிஎன் இணைந்ததாகக் காட்டும், எதுவும் திறக்காது. அலுவலகத்தை 192.168.73.0/24 போல யாரும் வைக்காத வரிசைக்கு மாற்றுங்கள், விபிஎனுக்கு 10.77.0.0/24. மாற்றிய பிறகு பிரிண்டர், சிசிடிவி டிவிஆர், பயோமெட்ரிக் கருவி ஆகியவற்றின் நிலையான ஐபிகளையும் மாற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்குங்கள். தரவுக் கணினிக்கும் மூன்று மேசைக் கணினிகளுக்கும் ரௌட்டரில் ஐபியை ஒதுக்கீடு செய்து வையுங்கள்.

பிறகு ரௌட்டரில் வயர்கார்டு இன்டர்ஃபேஸ், யுடிபி 51820, முகவரி 10.77.0.1. ஃபைபர் நிறுவனம் கொடுத்த பெட்டியும் ரௌட்டராக வேலை செய்தால் அதை பிரிட்ஜ் முறைக்கு (இணைப்பை அப்படியே கடத்த மட்டும்) மாற்றச் சொல்லுங்கள், இல்லையேல் அதில் 51820ஐ உங்கள் ரௌட்டருக்குத் திருப்பிவிடுங்கள். ஊழியர் ஒவ்வொருவரின் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி, தனி முகவரி: 10.77.0.11, 12, 13. ஒரே சாவியை லேப்டாப்பிலும் செல்பேசியிலும் போட்டு இரண்டையும் இணைத்தால் இரண்டும் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும். லேப்டாப் பக்கத்தில் அனுமதிக்கும் முகவரிகளாக 192.168.73.0/24 மட்டும் கொடுங்கள். முழு இணையத்தையும் அலுவலகம் வழியாகத் திருப்ப வேண்டாம். கீப்அலைவ் (இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க அனுப்பும் சிறு பாக்கெட்) 25 விநாடிக்கு ஒருமுறை.

அடுத்தது ஃபயர்வால். விபிஎனுக்குள் வந்தவர் முழு அலுவலகத்தையும் பார்க்கும்படி விடாதீர்கள். முதல் ஊழியரின் 10.77.0.11லிருந்து அவருடைய மேசைக் கணினியான 192.168.73.21க்கு 3389 மட்டும், 12லிருந்து 22க்கு 3389 மட்டும், மீதி எல்லாம் தடை. வீட்டு லேப்டாப்பில் பிள்ளைகள் விளையாட்டு இறக்கி வைரஸ் வந்தாலும், அதால் தரவுக் கணினியின் ஷேர் ஃபோல்டரைத் தொட முடியாது.

சோதிக்கும்போது அலுவலக வைஃபையில் இருந்துகொண்டு சோதிக்காதீர்கள். அது எதையும் நிரூபிக்காது. செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைந்து பாருங்கள்.

இணைந்துவிட்டது, பாஸ்வேர்டும் ஏற்கிறது, ஆனால் திரை கறுப்பாகவே நிற்கிறது என்றால் பெரும்பாலும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) சிக்கல். சிறு பாக்கெட்டுகள் போகின்றன, படத்தைச் சுமக்கும் பெரியவை வழியில் விழுகின்றன. வயர்கார்டின் எம்டியுவை 1420லிருந்து 1280க்குக் குறைத்துப் பாருங்கள். சரியானால் காரணம் அதுதான். அதற்கும் மசியாமல் இடையிடையே உறைந்தால், லேப்டாப்பின் குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான யுடிபியை அணையுங்கள்.

வேகத்துக்கு, டேலித் திரைக்கு ஆளொன்றுக்கு 300 கிலோபிட் இருந்தால் தாராளம். முக்கியம் அலுவலகப் பக்கத்தின் அப்லோட். போய்வரும் நேரம் 100 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் தட்டச்சில் தாமதம் உறுத்தாது.

மேசைக் கணினியில் செய்ய வேண்டியவை

ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்வது ஒரு கிளிக்தான். அதைச் சுற்றித்தான் வேலை. ஊழியருக்கு சாதாரண லோக்கல் யூசர் ஒன்று உருவாக்கி, ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவில் சேருங்கள். அட்மின் உரிமை வேண்டாம். பாஸ்வேர்டு இல்லாத யூசரை விண்டோஸ் வெளியிலிருந்து விடாது. நான்கு இலக்க பின் போட்டுப் பழகியவர்கள் இங்கேயும் அதையே போட்டுப் பார்த்து "பாஸ்வேர்டு தப்பு" என்று வருவதாகச் சொல்வார்கள். அந்தப் பின் எண், கணினியின் முன்னால் உட்காருபவருக்கு மட்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருந்தால், விண்டோஸ் ஹலோ மட்டும் என்ற அமைப்பை அணைத்தால்தான் பாஸ்வேர்டு ஏற்கும்.

தூங்கும் நேரத்தை நெவர் என்று வையுங்கள். பயாஸில், மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் அமைப்பைப் போடுங்கள். இல்லையென்றால் இரவில் ஒரு கரண்ட் கட், காலையில் வீட்டிலிருந்து யாரும் நுழைய முடியாது, வாட்ச்மேனுக்கு போன் போட வேண்டும். கணினிகளோடு ஃபைபர் பெட்டி, ரௌட்டர், ஸ்விட்ச் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணினி ஓடிக்கொண்டிருக்க, சுவரில் செருகிய ஃபைபர் பெட்டி அணைந்து எல்லோரும் வெளியே நிற்பது அடிக்கடி நடக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க நிறுத்தும் நாளில் யுபிஎஸ் தாங்காது; அந்த நாளை வீட்டு வேலை நாளாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

டேலியில் தரவுப் பாதையை இசட் டிரைவ் என்று மேப் செய்திருந்தால், ரிமோட்டில் நுழையும்போது சில சமயம் அதில் சிவப்புக் குறுக்குக்குறி விழுந்து கம்பெனி தெரியாது. சர்வர் பெயரில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்துவிடுங்கள்.

குரூப் பாலிசியில் டிரைவ் ரீடைரக்ஷனைத் தடை செய்யுங்கள். வீட்டு லேப்டாப்பின் சி டிரைவ் அலுவலகக் கணினிக்குள் தெரிய வேண்டியதில்லை. பிரிண்டரை விடலாம். வீட்டு லேசர் பிரிண்டரில் பில் அடிப்பது சரியாக வரும். பழைய டாட் மேட்ரிக்ஸை வீட்டில் வைத்து இதன் வழியாக அடித்தால் எழுத்தாக இல்லாமல் படமாகப் போய், ஒரு பில்லுக்கு நிமிடக்கணக்கில் ஓடும். அதற்குப் பிடிஎஃப் எடுத்து அனுப்பிவிடுவதே மேல். சரக்கோடு போக வேண்டிய பில்லை அலுவலகப் பிரிண்டருக்கே அனுப்பி, குடோன் ஆளை எடுக்கச் சொல்லுங்கள்.

டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனில் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்கிறார்கள். டோக்கனை அலுவலகக் கணினியில் செருகிவிட்டு, வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து ஜிஎஸ்டி ரிட்டர்னில் கையெழுத்துப் போட முயன்றால் டோக்கனே இல்லை என்று வரும். ஸ்மார்ட் கார்டு விஷயத்தில் ரிமோட் டெஸ்க்டாப் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்துக் கருவியைத்தான் பார்க்கும். எதிர்ப்பக்கத்தில் செருகியதை மறைத்துவிடும். டிரைவரை மாற்றி மாற்றிப் போடுவதில் பயனில்லை. கையெழுத்துப் போடுபவர் டோக்கனைத் தன்னிடம் வைத்து, தன் லேப்டாப்பிலிருந்தே போர்ட்டலில் நுழையட்டும். எனிடெஸ்க் நேரடித் திரையைக் காட்டுவதால் அதில் டோக்கன் தெரியும். ஆனால் டோக்கனை நாள் முழுக்க செருகியே வைப்பது, கையெழுத்திட்ட காசோலைப் புத்தகத்தை மேசைமேல் விட்டுவிட்டுப் போவதற்குச் சமம். இ-வே பில் தளத்தில் ஓடிபி முதலாளியின் எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தால் வீட்டிலிருப்பவர் ஒவ்வொரு லாரிக்கும் அவரைக் கூப்பிட வேண்டும். ஊழியரின் எண்ணோடு தனி சப்-யூசர் உருவாக்குங்கள்.

வேலை நடுவில் வீட்டு லைன் அறுந்தால் பதற வேண்டாம். டேலி ஓடுவது அலுவலகக் கணினியில். பாதி அடித்த வவுச்சர் அப்படியே திரையில் நிற்கும், மறுபடி இணைந்ததும் தொடரலாம். இதன் மறுபக்கம்: ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலை மூடிவிட்டுப் போனாலும் டேலி உள்ளே திறந்தே இருக்கும். இரவு பேக்கப் ஓடும்போது கோப்புகள் பிடியில் இருக்கும். டேலியை விட்டு வெளியே வந்து, சைன் அவுட் செய்த பிறகே எழ வேண்டும் என்று சொல்லிவையுங்கள். மறப்பவர்களுக்காக இரவு 11 மணிக்கு மேசைக் கணினிகள் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு, பேக்கப்பை 11.30க்கு வையுங்கள்.

பேக்கப், பெயர், பதிவு

பேக்கப் மூன்று பிரதி. ஒன்று தரவுக் கணினியின் வேறு டிஸ்கில். இரண்டாவது, மாற்றி மாற்றிச் செருகும் இரண்டு வெளி டிஸ்குகளில். செருகாதது முதலாளி வீட்டில் இருக்கட்டும், ஏனென்றால் எப்போதும் செருகிய டிஸ்கை ரான்சம்வேர் சேர்த்தே பூட்டும். மூன்றாவது, டேலியின் பேக்கப் கோப்பை பாஸ்வேர்டோடு கிளவுடில் ஏற்றுவது. முன்பு தவறு என்று சொன்னது ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரை டிரைவில் வைப்பது. எடுத்து முடித்த பேக்கப்பை ஏற்றுவதில் தவறில்லை. மாதம் ஒருமுறை அதை வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, டிரையல் பேலன்ஸ் அசலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் திருத்திய கம்பெனி விதி சொல்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், யார் எதை எப்போது மாற்றினார் என்று பதியும், அணைக்க முடியாத எடிட் லாக் உள்ள மென்பொருளில்தான் கம்பெனிகள் கணக்கு எழுத வேண்டும். கூட்டாண்மை நிறுவனத்துக்கும் தனி உரிமையாளருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை, இருந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

எடிட் லாக் இருந்தும் எல்லோரும் அட்மின் என்ற ஒரே பெயரில் நுழைந்தால் அதில் ஒன்றும் தெரியாது. டேலிக்குள் ஆளுக்கொரு யூசர். பில் போடுபவருக்கு டேட்டா என்ட்ரி உரிமை, பழைய தேதியில் மாற்ற முடியாத வரம்பு. வேலையை விட்டுப் போகிறவருக்கு அன்று மாலையே மூன்று இடத்தில் மூடுங்கள்: ரௌட்டரில் அவர் சாவி, கணினியில் அவர் யூசர், டேலியில் அவர் பெயர். ஆளுக்கொரு சாவி கொடுத்ததன் பலன் இங்கேதான் தெரியும். மற்றவர்கள் யாருடைய அமைப்பையும் தொட வேண்டியதில்லை.

ஆடிட்டர் தரப்பு ஆளுக்கு, எழுத முடியாமல் பார்க்க மட்டும் முடிகிற உரிமை போதும். திருத்தம் வேண்டுமென்றால் ஜர்னல் குறிப்பை எழுதி அனுப்பட்டும், உங்கள் கணக்காளர் போடட்டும். வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. அவருடைய விண்டோஸ் யூசருக்கு அக்டோபர் 15 என்று காலாவதித் தேதி போட்டுவிடுங்கள். கெடுவை அரசு நீட்டித்தால் தேதியைத் தள்ளிவைக்க ஒரு நிமிடம் போதும்.